கழித்தல் குறிக்கு ஒரு நாற்காலி

என் அக்காவின் வீட்டை ஆறு இருபத்து மூன்று முறை விழுங்கியிருப்பதாக நீர்வளத் துறையிலிருந்து கடிதம் வந்தது. முப்பத்தெட்டு வருடமாக அந்த வீட்டிலேயே குடியிருக்கும் அக்காவுக்கு இந்தச் செய்தி அன்றைக்குத்தான் தெரியும்.

"டேய், நான் எத்தனை தடவை முழுகிச் செத்திருக்கேன்னு எண்ணிப் பாரு" என்று கடிதத்தை என் மடியில் வீசினாள்.

நாற்பது ஆண்டு அளவீடுகளின்படி ஆற்றோரத் தெரு முழுவதும் வெள்ள அபாயப் பகுதி, மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. கூடவே வெள்ளம் வந்த தேதிகளின் பட்டியல். அதில் ஒரு வரியை அக்கா நகத்தால் கீறியே வைத்திருந்தாள்.

"இது யார் பொறந்த நாள்னு தெரியுதா? உன் மருமகன் பொறந்த நாள். அன்னைக்குப் பாலத்துல ரிப்பேர். டாக்சி ஆத்துக்குள்ளேயே எறங்கி மணல்ல ஓடிச்சு. நடுவுல சக்கரம் பொதைஞ்சு போய் உங்க மாமா தள்ளினாரு. பிரசவ வலி எனக்கா அவருக்கான்னு டாக்சிக்காரனுக்கே சந்தேகம் வந்துடுச்சு, அப்படிக் கத்தினாரு. அன்னைக்கு மூணரை மீட்டர் வெள்ளமாம்! டாக்சி என்ன, நீந்தியா போச்சு?"

"பழைய கணக்கு, ஏதாவது தப்பு இருக்கும்" என்றேன்.

"நீ முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டின ஆபீஸ்தானே? போய்க் கேளு. வீடு போச்சுன்னா நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன். உங்க மாமாவையும் கூட்டிட்டு."

மாமாவின் குறட்டை கூரை ஓடுகளை வரிசை மாற்றி அடுக்கக்கூடியது. மறுநாள் காலையிலேயே ஆபீஸ் வாசலில் நின்றேன்.

அந்த ஆபீசில் நான் எழுதியதெல்லாம் கோபோல் என்ற பழைய கணினி மொழியில். எங்கள் இயந்திரம் ஒரு லாரி அளவு இருக்கும். மனிதர்களை விட மரியாதை தெரிந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று அதன் அடியில் ஒரு வாளித் தண்ணீர் தேங்கி நின்றது. குளிர்சாதனம் ஒழுகியது என்பார்கள். நம்ப வேண்டாம், அது அழுதது.

வெள்ள வரைபடம் போட்ட பொறியாளர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் குடுத்த எண்ணைத்தான் சார் வரைஞ்சேன். நானா ஆத்தை ஏத்தி விட்டேன்?" என்றார். "இதுல மைனஸே இல்ல, பாருங்க. எல்லாமே பாலத்துத் தூண்ல இருக்கிற பூஜ்யக் கோட்டுக்கு மேலதான்."

எனக்கு முதுகில் ஒரு எறும்பு ஏறியது. நாற்பது வருடத்தில் ஒரு கோடையில்கூட அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காத ஆறா?

"பழைய ஃபைல் இன்னும் இருக்கா?"

"இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்தி எல்லாத்தையும் அழிக்கிறோம். இன்னைக்கு வியாழன்."

என்னைப் பார்த்ததும் இயந்திரத்தின் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணடித்தன என்று சத்தியம் செய்வேன். மருமகன் பிறந்த நாளின் அளவைப் பழைய ஃபைலில் எப்படி இருக்கிறதோ அப்படியே திரையில் போடச் சொன்னேன். நான்கே நான்கு குறிகள் வந்தன.

342D

"எண்ணுல டி எங்கேருந்து வந்துது?" என்றார் பொறியாளர் அம்மா.

அந்தக் காலத்தில் கணினிக்குள் இடம் என்பது தங்கம். ஒரு பைட் என்பது ஒரு அறை. ஒரு இலக்கத்துக்கு ஒரு முழு அறை கொடுக்க யாருக்கு மனசு வரும்? பாதி அறையில் ஒருவர், மறு பாதியில் இன்னொருவர் என்று நெருக்கி அடைப்போம். மூன்றும் நாலும் ஒரே அறை. இரண்டு அடுத்த அறையில். மிச்சம் இருக்கும் கடைசி அரை அறையில் ஒரு காவலாளி உட்காருவான். அவன் C என்றால் கூட்டல், D என்றால் கழித்தல்.

"மைனஸ் முந்நூத்தி நாப்பத்தி ரெண்டு சென்டிமீட்டர்" என்றேன். "கோட்டுக்கு மூணரை மீட்டர் கீழே. தூணடிக் குழியில மட்டும்தான் தண்ணி. எங்க அக்கா சொன்னது சரி."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ வறண்ட வருஷத்தையெல்லாம் நான் வெள்ளமா வரைஞ்சு வெச்சிருக்கேனா? இந்த டி-யைத் தின்னது யாரு சார்?"

நெருக்கி அடைத்த எண்களைப் புதிய கணினிகள் படிக்காது. அறைக்கு ஓர் இலக்கம் என்று பிரித்து, சாதாரண எண்ணாக மாற்றிக் கொடுக்க ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. அதைத் திறந்தார். முதல் வரியில் எழுதியவர் பெயர். என் பெயர். அதன் கீழே என் குறிப்பு: "கடைசி எழுத்துகள் ஒழிக்கப்பட்டன. வெளியீடு இனி சுத்தம்."

அறையில் குளிர்சாதனம் ஓடியது. எனக்கு மட்டும் நடுக்கோடை.

எல்லாம் ஞாபகம் வந்தது. எண்ணைப் பிரித்து வைத்தால் மூன்று இலக்கத்துக்கு மூன்று அறை. காவலாளிக்குத் தனி இடம் கிடையாது. அவன் கடைசி இலக்கத்தின் தோளில் ஏறிக்கொள்வான். இருவருமாகச் சேர்ந்து ஓர் எழுத்தாகத் தெரிவார்கள். கழித்தல் 342 அச்சில் 34K என்று வரும். அன்றைய இயக்குநர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "ஆத்துல தண்ணி கிலோ கணக்குலயா வருது?" என்று கேட்டு ஊரைக் கூட்டினார். நான் ஐந்தே நிமிடத்தில் குறியே இல்லாத எண்ணாக மாற்றி, எழுத்துகளை ஒழித்துக் கட்டினேன். கை குலுக்கினார்கள். தோளில் இருந்தவனை ஆற்றில் தள்ளிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

"தின்னது நான்தான்மா" என்றேன்.

பொறியாளர் அம்மா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். "உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஆறு வேண்டாம், அவளே என்னை முக்கிடுவா."

"நகருங்க, நான் அடிக்கிறேன். என்ன மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

ஒரே ஒரு வரி. கழித்தல் குறியை யார் தோளிலும் ஏற்றாமல், எண்ணுக்கு முன்னால் தனி நாற்காலி போட்டு உட்கார வைக்கும் வரி. முப்பது வருடத்துக்கு முன் அந்த நாற்காலி போட எனக்கு ஆகியிருக்கக்கூடிய நேரம், ஒரு தும்மல்.

ஓடவிட்டோம். நாற்பது வருட ஆறு திரையில் இறங்கத் தொடங்கியது.

கழித்தல் 338. கழித்தல் 340. கழித்தல் 341. நாளுக்கு ஒரு விரற்கடை இறங்கி, இறங்கி, 342-இல் பதினோரு நாள் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரே நாளில் கழித்தல் 120. மறுநாள் கூட்டல் 15. எங்கோ மலையில் மழை. இருவரும் வாயைத் திறந்தபடி நின்றோம். ஓர் ஆறு மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை கோடையும் அத்தனை மழையும் முப்பதாயிரம் பைட்டுக்குள். என் பேத்தி அனுப்பும் பூனைப் படம் இதைவிட நூறு மடங்கு பெரிது. நான் தள்ளிவிட்டதாக நினைத்த காவலாளிகள் ஒருவர்கூடச் சாகவில்லை. பழைய ஃபைலின் அரை அறைகளில், விளக்கு அணைய ஒரு நாள் இருக்கும்போதும், ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இயந்திரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பொறியாளர் அம்மாவும் கும்பிட்டார். அவர் இல்லை என்பார்.

ஆறு ஏறிய உச்சம் 191. அக்கா வீட்டு வாசல்படி அதற்கு ஒரு மீட்டருக்கு மேலே.

வெள்ளிக்கிழமை மதியம் கடிதத்தை ரத்து செய்த தாளும் புதிய பட்டியலுமாக அக்கா வீட்டுக்குப் போனேன். செய்த குற்றத்தையும் சொன்னேன். அவள் கரண்டியை ஓங்கினாள், பிறகு பட்டியலை வாங்கினாள். மருமகன் பிறந்த நாளைத் தேடி எடுத்தாள். 342-க்கு முன்னால் நின்ற அந்தச் சின்னக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டாள். "இந்தாங்க, நீங்க டாக்சி தள்ளின மணல்."