முகத்தைப் பார்த்தால் மறந்துவிடும்

"எனக்கு முதுகுல ஊசி போட்டுத்தான் பிரசவம் பாக்கணும், அத்தை."

வலி தெரியாமலிருக்கப் போடும் அந்த ஊசியைப் பற்றிப் புகுந்த வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று பெற்றவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நிறைமாத மருமகள் கேட்டேவிட்டாள்.

மாமியார் நாலு பெற்றவள். தனக்கு யார் ஊசி போட்டார்கள் என்று ஆரம்பித்து, இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பிள்ளை கூரியரில் வந்தால் தேவலை என்று முடித்தாள். கீழ்த்தளத்தில் பல் வைத்தியம் பார்க்கும் மகனையும் கூப்பிட்டாள். ஈறு மரத்துப்போக ஒருவருக்கு ஊசி போட்டு உட்காரவைத்துவிட்டு, கையுறையோடு மேலே வந்தான் அவன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"வலி ஏற ஏற, அதைத் தணிக்க உடம்பே எண்டார்ஃபின் சுரக்கும். உயிர்வேதியியல் படிச்சவ, உனக்கா தெரியாது?"

"கீழ இருக்கறவருக்கு ஒரே ஒரு பல்லு. உடம்பே சுரக்கும்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சுரப்பது உண்மைதான், ஆனால் பயம் கூடினால் அட்ரினலினும் ஏறும், கருப்பை சோர்ந்துபோகும் என்றாள். போன பிரசவத்தில் கத்தியதற்கு நர்ஸ் தொடையில் அறைந்ததையும், படுக்கும்போது இனித்ததா என்று கேட்டதையும், கதவுக்கு வெளியே இவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றதையும் சொன்னாள்.

"அதெல்லாம் இருக்கறதுதாம்மா. குழந்தை முகத்தைப் பாத்தா மறந்துடும்."

எல்லாப் பெண்களிடமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகியது. சொன்ன பிறகுதான் மாமியாருக்கு உறைத்தது.

"எனக்கு முகத்தைக் காட்டலையே, அத்தை."

செத்துப் பிறந்ததைத் தாய் பார்க்கக் கூடாதென்று துணியில் சுற்றி எடுத்துப்போகச் சொன்னது மாமியார்தான். குழந்தை இல்லையென்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. பால் சுரந்தது; குடிக்க ஆளில்லாமல் கட்டிக்கொண்டது. பட்ட வலியில் ஒரு துளிகூட மறக்கவில்லை.

கணவன் கையுறையின் விரல் நுனியை இழுத்தபடி, இன்னும் நாள் இருக்கிறதே, நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்றான்.

"வேற ஆஸ்பத்திரியில பேசி முடிச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுடி?" என்றாள் மாமியார்.

"வலிக்கப்போறவளைக் கேட்டு."

கதவோரம் இருந்த பையை எடுத்துக்கொண்டாள். விடியும்போதே வலி தொடங்கிவிட்டிருந்தது. பாதிப் படியில் நின்று, கைப்பிடியை இறுகப் பற்றிப் பல்லைக் கடித்தாள். வலி விட்டதும், திரும்பிப் பார்க்காமல், வரச்சொல்லியிருந்த ஆட்டோவை நோக்கி இறங்கினாள்.