தராசடிச் சேதி

எங்கள் பள்ளிக்கூடத்துச் சேதியெல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்து நடுவில் ஓர் ஓட்டுக் கட்டடம். நாலு வகுப்பு, ஒரே வாத்தியார். வர்க்கி சார் கோட்டயத்துப் பக்கத்துக்காரர். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எங்கள் சனத்துக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. முக்கால்வாசிப் பேருக்குத் தமிழே படிக்க வராது. அப்புறம் நோட்டீஸ் எழுதி ஒட்டி யாருக்கு என்ன லாபம்? மத்தியானம் பிள்ளைகளுக்கு மஞ்சள் உப்புமா கிண்டிப் போடுகிற என்னைக் கூப்பிட்டு, "இருதயம்மே, இது சொல்லிடு" என்பார்.

சாயங்காலம் பெண்கள் காய் எடுத்துவிட்டு ஸ்டோர் வாசலில் நிறுவைக்கு நிற்பார்கள். ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். அங்கே தராசடியில் நின்று நான் கத்துவேன். "ஏட்டி, புள்ளைக தலையில பேனு ஊர்கோலம் போகுது, சீவி அனுப்புங்க! சிலேட்டுக் குச்சியத் திங்க விடாதீங்க! வெள்ளிக்கெழம லீவு, மறந்துபோயி அனுப்பிட்டு எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க!" அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். "உப்புமாவுல உப்பப் போடு மதினி, அப்புறம் பேனு பாக்கோம்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். சண்டை மாதிரி இருக்கும். ஆனால் நான் சொன்னது மறுநாள் காலையில் நடந்திருக்கும். என் வாய் பொல்லாத வாய்தான். பொய் பேசாத வாய் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் எமர்ஜென்சி. அது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ரேஷன் கடைக்காரன் நேரத்துக்குக் கடை திறந்தான், அது ஒன்றுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் வர்க்கி சார் கூப்பிட்டார். "சனிக்கிழமை சிலேட்டும் உடுப்பும் கொடுக்குறாங்க. அப்பன்மார் வந்து கையொப்பிடணும். அம்மைமார் வேண்டா, அப்பன்மார்" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. தராசடியில் நின்று குஷியாகக் கத்தினேன். என் தம்பி மிக்கேல்ராஜ் தலைக்கு எண்ணெய் வைத்து, திருநாள் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

சிலேட்டும் இல்லை, உடுப்பும் இல்லை. பள்ளிக்கூட முற்றத்தில் ஜீப் நின்றது, போலீஸ்காரன் ஒருவன் நின்றான். இத்தனை ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் வாத்தியாருக்குச் சம்பளம் என்று மேலிடத்து உத்தரவாம். வந்த ஆண்களை ஏற்றிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, ஆளுக்கொரு நீல வாளி கையில் கொடுத்து இறக்கிவிட்டார்கள். மிக்கேல்ராஜுக்கு ஒரே ஒரு மகள், அன்னமேரி. வயது ஆறு. "எனக்கு ஒத்தப் புள்ளதான்யா" என்று அவன் ஜீப்பில் வந்த ஆபீசர்கள் காலைப் பிடித்திருக்கிறான். "ரெண்டு இருக்குன்னு எழுதிக்கிறேன்" என்றானாம் ஒருத்தன். பேனா அவன் கையில் இருந்தது.

நான் வர்க்கி சாரிடம் போய் ஆடித் தீர்த்துவிட்டேன். கரண்டியை வீசினேன், அது கரும்பலகையில் பட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அழுதால் ஆயிற்றா? அதற்கப்புறம் தராசடியில் நான் வாயைத் திறந்தாலே பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சந்தனமேரி, என் தம்பி பெண்டாட்டி, என்னோடு பேசுவாள். ஆனால் நான் சொல்வதைக் கேட்க மாட்டாள்.

ஆனால் அன்னமேரி அத்தை அத்தை என்று என் பின்னாலேயே அலைவாள். உப்புமா அண்டாவில் அடிப்பிடித்ததைச் சுரண்டிக் கொடுத்தால்தான் வீட்டுக்குப் போவாள். "கருகினதத் திங்காதட்டி, வயிறு வலிக்கும்" என்றால், "கருகினதுதான் ருசி" என்பாள்.

புரட்டாசியில் பூப்பாறைக்கு அந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் செத்தார்கள். தொண்டைக்குள் வெள்ளையாகத் தோல் படர்ந்து மூச்சை அடைத்துவிடுமாம். வர்க்கி சார் மூன்று நாள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி ஊசி மருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

"வியாழக்கிழமை நர்ஸ் வரும். எல்லாப் பிள்ளைக்கும் தொண்டை பார்க்கும், ஊசி போடும். ஒண்ணுகூட விட்டுப் போகக் கூடாது. இருதயம்மே, இது சத்தியமாயிட்டும் பிள்ளைகளுக்குத்தான்" என்றார்.

"உம்ம சத்தியத்தக் கொண்டுபோயி அடுப்புல போடும்" என்றேன். ஆனால் இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் கண் உறங்காமல் சிவந்திருந்தது. நம்பினேன்.

தராசடியில் போய்ச் சொன்னேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "அப்பன்மாருக்கு அறுத்தாச்சு. இப்பப் புள்ளைகளுக்கா? ஊசியிலயே முடிச்சிருவானுக போல."

"அது தொண்டைக்குப் போடுத ஊசிட்டி!"

"அதுவும் சிலேட்டு மாதிரிதான?" என்றாள்.

அன்று ராத்திரிக்குள் கதை நாங்கள் குடியிருக்கிற மூன்று லயத்து வரிசை வீடுகளுக்கும் பரவிவிட்டது. ஊசி போட்ட பெண்பிள்ளைக்குப் பின்னால் பிள்ளையே பிறக்காதாம், ஆண்பிள்ளை ஆண்பிள்ளையாக இருக்க மாட்டானாம். கிறுக்குத்தனம் என்று யாரைத் திட்டுவது? ஜீப் வந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள்.

வாயால் சொன்னால் எடுபடாது, காட்டினால்தான் எடுபடும் என்று நினைத்தேன். என் மகள் ஆரோக்கியத்தை இழுத்துக்கொண்டு, சாந்தன்பாறையில் ஊசி மட்டும் போடுகிற சின்ன ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். முன்கூட்டியே ஊசி போட்டுக் கூட்டிவந்து தராசடியில் நிறுத்தி, "பாருங்க, எம் மகளுக்கே போட்டாச்சு, என்ன ஆச்சு இவளுக்கு?" என்று கேட்கலாம் என்பது என் திட்டம். நல்ல திட்டம்! மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது, கை வீங்கிக் கல் மாதிரி ஆனது. காய்ச்சல் வரும், இரண்டு நாளில் போய்விடும் என்று அங்கே இருந்த நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். அதை யார் கேட்கிறார்கள்? லயமே வந்து வாசலில் நின்று அவள் கையைப் பார்த்தது. உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மிக்கேல்ராஜ் வீட்டுக்குப் போனேன். அன்னமேரி நீல வாளியில் தண்ணீர் நிரப்பி இலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எவ வேணா எப்பிடியும் போகட்டும். எம் மருமவளையாவது அனுப்பு. நானே மடியில வச்சுப் போட்டு விடுதேன்."

அவன் என்னை உட்காரச் சொன்னான், பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அக்கா, ஒன்னயக் குத்தம் சொல்லல. ஒனக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இருக்கது ஒண்ணு. இனி வராது. அதையும் அதே வாத்தியார் கையில குடுக்கச் சொல்லுதியா?"

"அன்னைக்கு அவன் பொய் சொன்னான். இன்னைக்கு நெசம் சொல்லுதான்."

"அதுல எது எதுன்னு நான் எப்பிடிக்கா கண்டுபிடிக்க?" என்றான். சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வியாழக்கிழமை நர்ஸ் வந்து டார்ச்சும் ஊசிப் பெட்டியுமாக உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. நான் உப்புமா கிண்டவில்லை. வர்க்கி சார் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார். லயத்துக்கு ஓடினேன்; வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. ஏலக்காட்டுக்குள் ஓடினேன், பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளைக் காணோம். எங்கே என்று கேட்டால் ஏலச்செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸ் மத்தியானம்வரை பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. ஸ்டோருக்குப் பின்னால் விறகுக் கொட்டகை. உலர்த்துகிற அடுப்பின் அனல் அதன் சுவரில்தான் அடிக்கும். மழை நாளில் அங்கே கதகதப்பாக இருக்கும். பிள்ளைகளை அதற்குள் அடைத்துக் கதவைச் சாத்தி, வெளியே விறகை அடுக்கிவிட்டார்கள். அந்த அடுப்பை எரிக்கிறவர் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் சூசையப்பன். காலையில் என் கையால் கஞ்சி குடித்துவிட்டுப் போனவர், என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

"எல்லாரும் கும்பிட்டுக் கேட்டாக. நான் என்ன செய்ய?" என்றார். கதவைத் திறந்தபோது பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வேர்த்து ஒழுகிக்கொண்டு கிடந்தார்கள். மூலையில் செல்லத்துரையின் பையன் நாய் குரைப்பதுபோல இருமினான். அவன் போன வாரம்தான் பூப்பாறைக்கு அந்தப் பக்கத்து அத்தை வீட்டிலிருந்து வந்தவன். ஒரு பகல் முழுக்க அவனோடு ஒரே மூச்சை எல்லாப் பிள்ளைகளும் மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார்கள். அன்னமேரி அவன் தோளில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் டார்ச் அடித்திருந்தால் அந்தப் பையனை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். அவனை ராத்திரியே தோட்டத்து ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டான். அதற்காக நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அன்னமேரிக்குக் கழுத்து வீங்கியது. "அத்த, எச்சி முழுங்க முடியல" என்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்தது.

ஆண்களை ஏற்றிப் போக முற்றத்துக்கே வந்தது ஜீப். இப்போது வேண்டும் என்றால் ஒரு ஜீப் இல்லை. தோட்டத்து ஜீப் ஏலக்காயோடு போடிக்குப் போயிருந்தது. மழையில் பூப்பாறைவரை மிக்கேல்ராஜ் தூக்கிக்கொண்டு ஓடினான், நானும் சந்தனமேரியும் பின்னால் ஓடினோம். அங்கே ஒரு மூட்டை லாரி கிடைத்தது. போடிமெட்டு இறக்கத்தில், பாதி வளைவு தாண்டும்போது, பிள்ளை மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். அப்புறம் திறக்கவில்லை. சந்தனமேரி அதைக் கவனிக்காமல் கீழே தெரிகிற ஊரைக் காட்டி, "அந்தா ஆஸ்பத்திரி, அந்தா வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்து அடுத்த வாரம் நர்ஸ் திரும்ப வந்தாள். யாரையும் கூப்பிடவில்லை, எல்லோரும் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். இரண்டாவது ஊசி எந்த நாள் என்று தராசடியில் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு கூடைகூட அசையவில்லை. "என்னைக்குன்னு இன்னொரு தடவ சொல்லு மதினி" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். என் வாய்க்கு மதிப்பு திரும்பி வந்துவிட்டது. யாரைக் கொடுத்து வாங்கிய மதிப்பு!

கார்த்திகை பிறந்ததும் வர்க்கி சார் என்னைக் கூப்பிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"இருதயம்மே, சனிக்கிழமை அப்பன்மார் வரணும். பிள்ளைகள் படிப்பு விஷயம் பேசத்தான்."

"என்ன விஷயம்?"

"படிப்பு விஷயம்."

"இங்க திரும்பிச் சொல்லும் சார்."

அவர் திரும்பவில்லை. "எனக்கும் மூணு பிள்ளைகள் உண்டு. நாலு மாசமாயிட்டு சம்பளம் இல்லை. இப்ப நீ சொன்னா வருவாங்க. நீ சொன்னா மட்டும்தான் வருவாங்க" என்றார்.

கரண்டியை வீசத் தோன்றவில்லை. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தேன். அடிப்பிடித்ததைச் சுரண்டி எடுத்தேன். கேட்க ஆள் இல்லாததால் காக்கைக்குப் போட்டேன். சமையல்கட்டுச் சாவியை அவர் மேசை மேல் வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன்.

தராசடியில் எல்லோரும் நின்றார்கள். சந்தனமேரியும் கூடையோடு நின்றாள். காய் மூட்டையைத் தராசில் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தான் மிக்கேல்ராஜ்.

"பள்ளிக்கூடத்துச் சேதி!" என்று கத்தினேன். சத்தம் அடங்கியது. "சனிக்கெழம அப்பன்மாரு வரணுமாம். படிப்பு விசயம்னு சொல்லச் சொன்னாரு. படிப்புமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஜீப்பு வருது. ஆம்பளைக ஒருத்தனும் அந்தப் பக்கம் போகாதீங்க. ஆனா ஊசிக்குன்னு சொன்ன நாள்ல புள்ளைகளக் கட்டாயம் கொண்டு போங்க. அது வேற, இது வேற. ரெண்டையும் கொழப்பிராதீங்க. நாளையிலருந்து சொல்ல நான் இருக்க மாட்டேன்."

மிக்கேல்ராஜ் மூட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். சந்தனமேரி கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். பிள்ளை போன பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"இதே மாதிரி ஆனி மாசமே சொல்லியிருந்தா என்ன மதினி?"

"அப்பத் தெரியாதேட்டி எனக்கு."

"தெரியும் மதினி. ஒங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும்" என்றாள். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றாள். அவள் முறை வந்ததும் மிக்கேல்ராஜ் அவளுடைய காயை வாங்கித் தராசில் மாட்டினான்.