பேரைச் சொன்னவள்

டென்னிஸ் உலகத் தரவரிசையில் ரூபினியின் இடம் அறுநூற்றுப் பதினொன்று. "அறுநூறா?" என்று அவள் மலையூரான பிரிஞ்சாங்கின் கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எஸ்டேட் லோரி ஓட்டும் அவள் அப்பா திருச்செல்வம் மட்டும் அந்த எண்ணை மகள் வாங்கிய பரீட்சை மார்க்கு மாதிரி ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

இரட்டையர் ஆட்டத்தில் அவள் இன்னும் மேலே, முந்நூற்றுச் சொச்சத்தில் இருந்தாள். அதற்குக் காரணம் துளசி, கோலா தெர்லா காய்கறித் தோட்டக்காரர் மகள். பதின்மூன்று வயதில் பள்ளிப் போட்டியில் ஜோடி சேர்ந்தவர்கள், இருபத்தாறு வயதாகியும் பிரியவில்லை. போகிற ஊரிலெல்லாம் ஒரே அறை, ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி. கோர்ட்டில் துளசி பின்னால் நிற்பாள், ரூபினி நெட்டை ஒட்டி நிற்பாள். தலைக்கு மேல் போகும் பந்து எங்கே விழும் என்று முன்னால் நிற்பவளுக்குத் தெரியாது. துளசி "அடி" என்றால் அடிப்பாள், "விடு" என்றால் விட்டுவிடுவாள்.

தாய்லாந்தில் ஒரு சின்ன ஊரில் அரையிறுதி. இரண்டாவது செட்டில் துளசி சர்வ் போட்ட ஒரு கேம் மட்டும் மோசமாகப் போனது. அடுத்தடுத்து இரண்டு டபுள் ஃபால்ட், இரண்டு புள்ளியும் எதிராளிக்குப் போயின. பிறகு எதிராளி அடித்த பந்து ரூபினியின் தலைக்கு மேலே வந்தது. அடிக்க எம்பியவளைப் பின்னாலிருந்து வந்த குரல் தடுத்தது.

"விடு!"

விட்டாள். பந்து கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்தது.

"சாரி லா, தப்பா பாத்துட்டேன்," என்றாள் துளசி.

அந்த கேம் போனாலும் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். சாயங்காலம் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒரே கிண்ணத்தில் தொம்யாம் சூப் சாப்பிட்டார்கள். அந்தப் பந்தை ரூபினி மறந்தே போனாள்.

நாலு மாதம் கழித்து டென்னிஸ் விசாரணைக் குழுவிடமிருந்து மெயில் வந்தது. சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு அந்த ஒரு கேமை வேண்டுமென்றே தோற்றிருக்கிறார்கள் என்று புகார். விசாரணை முடியும்வரை ரூபினி எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. பதறிப்போய் முதலில் துளசிக்குத்தான் போன் அடித்தாள். எடுக்கவில்லை.

"அவளையும் மாட்டி விட்டிருப்பாங்கப்பா, பாவம்," என்றாள் அப்பாவிடம்.

விசாரணை கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இணையம் சரியாகக் கிடைக்காததால் எஸ்டேட் ஆபீசில் போய் உட்கார்ந்தாள். திரையில் இருந்த அதிகாரி துளசியின் வாக்குமூலத்தை வாசித்தார். தப்பைத் துளசி ஒத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது: ரூபினிக்கும் தெரியும், அந்தப் பந்தை அவள் வேண்டுமென்றே விட்டாள்.

"அவதான் விடச் சொன்னா," என்றாள் ரூபினி. ஆட்டத்தைப் படம் பிடித்த கேமராவில் சத்தம் பதிவாகவில்லை என்றார் அதிகாரி.

பதின்மூன்று மாதம் இழுத்தது. டென்னிஸில் ஒரு வருஷத்துக்கு முன் எடுத்த புள்ளி தானாகக் கழிந்துவிடும். பட்டியல் வரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் பேர் கீழே இறங்கியது. ஒரு திங்கட்கிழமை தேடிப்பார்த்தாள், பேரே இல்லை. அப்பா கிராணியிடம் எண் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தார். கடைசியில் ஆதாரம் இல்லை என்று நாலு வரியில் கடிதம் வந்தது. வருத்தம் தெரிவிக்கும் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

மறுநாளே அப்பாவின் லோரியில் ஏறி கோலா தெர்லாவுக்குப் போனாள். கொட்டகையில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த துளசி எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஆறு வருசம் தடை போட்டுட்டாங்க," என்றாள்.

"என் பேர எதுக்குடி சொன்ன?"

"கூட யாரு கூட யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. காசு குடுத்த ஆளு பேரச் சொன்னா வீட்டுக்கே வந்துருவான். உன் மேல எதுவும் நிக்காதுன்னு தெரியும். நீ சுத்தமானவ லா. ஒரே வாரத்துல உட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"பதிமூணு மாசம், துளசி."

"நீ திரும்ப ஆடலாம்ல. என்னால முடியாது."

ரூபினிதான் ஏதோ பறித்துக்கொண்டவள் போல இருந்தது அவள் சொன்ன விதம். அறையலாம் என்று கை பரபரத்தது. அதற்குள் வேறொரு கேள்வி வாயில் வந்துவிட்டது.

"அதுக்கு முன்னாடி எத்தன தடவ?"

துளசி குனிந்தபடி ஒரு தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ரூபினி லோரியில் ஏறி உட்கார்ந்தாள். "என்னம்மா சொன்னா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சொல்லலப்பா."

வழியெல்லாம் பழைய ஆட்டங்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. ஈப்போவில் விட்ட பந்து, பெனாங்கில் விட்ட பந்து. எது நிஜமாகவே வெளியே போனது, எது போகவில்லை? பதின்மூன்று வருஷத்தில் எந்தத் தோல்வி தன்னுடையது என்றுகூட அவளால் பிரிக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து இந்தோனேசியாவில் ஒரு தகுதிச் சுற்றில், தரவரிசை எண் இல்லாமல் ஆடினாள். ஒரு ஆட்டம் ஜெயித்தாள், அடுத்ததில் தோற்றாள். பையைக் கட்டும்போது பெனாங்கிலிருந்து வந்திருந்த யுவனேஸ்வரி என்ற பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு டபுள்ஸுக்கு ஆள் இல்ல. சேர்ந்து ஆடலாமா?"

காலையில் அவளுடைய சர்வை ரூபினி பார்த்திருந்தாள். அருமையான கை. பின்னால் நிறுத்த இப்படி ஒருத்தி கிடைப்பது அபூர்வம்.

"நா டபுள்ஸ் ஆடறதில்லமா," என்றாள் ரூபினி.