பச்சைப் பொட்டு வைத்த கொக்கி

காலை ஏழேகால் ஆனால் கஜபதியின் காது தானாகவே விழித்துக்கொள்ளும். நெமிலிச்சேரியில் மாடி வீடு. கீழே பால் பாக்கெட் போடுகிறவனின் வண்டி, ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம், அடுப்படியில் மனைவி பார்வதம் உருட்டும் பாத்திரம் என்று உலகம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அதற்கு நடுவில், தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும். "பாத்தாச்சாண்ணா?" அவ்வளவுதான். திட்டாது, அழாது. பதில் வந்தால் வேலையை ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்கிற குரல்.

அது அழகேசனின் குரல். அழகேசன் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. அங்கே கஜபதிக்கு இருபத்தாறு வருஷமாகச் சோதனை வேலை. பாரம் தூக்கும் சங்கிலி, கொக்கி எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். பழைய பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துக் கீறல் இருக்கிறதா என்று தேட வேண்டும். சுத்தமாக இருந்தால் கழுத்தில் பெயிண்டால் ஒரு பொட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறம்: மஞ்சள் முடிந்தால் பச்சை, பச்சை முடிந்தால் நீலம். பொட்டைப் பார்த்தாலே எப்போது சோதித்தது என்று தெரிந்துவிடும். ஆனால் பாரம் தூக்கும் அழகேசனுக்குப் பொட்டு மட்டும் போதாது. தினமும் ஷிஃப்ட் தொடங்குகிற ஏழேகாலுக்குக் கஜபதியின் மேஜைக்குப் பின்னால் வந்து நின்று வாயால் கேட்டால்தான் அவனுக்குக் கை ஓடும். பாத்தாச்சு போடா என்று இவர் திரும்பாமலே சொல்வார். அவனும் சிரித்துக்கொண்டே போய்ச் சங்கிலியை இழுப்பான்.

போன வருஷம் ஒருநாள் அப்படித்தான் போனான். கொக்கி கழுத்தில் முறிந்து, பாரம் மொத்தமும் அவன்மேல் இறங்கியது.

விசாரணை என்று நாலு பேர் வந்தார்கள், காபி குடித்தார்கள், எழுதினார்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதால் முறிந்தது, தவறு ஏற்றியவனுடையது என்று முடித்துவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்? கஜபதியும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பழைய இரும்போடு கிடந்த கொக்கியின் மேல்பாதியை யாரும் பார்க்காதபோது பையில் போட்டுக்கொண்டு வந்தார். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். காலை ஷிஃப்டையும் விட்டுவிட்டு ஒன்பது மணி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார்.

காரணம் இதுதான். பச்சைப் பொட்டு வைத்த அன்றைக்கு அறுபத்திரண்டு கொக்கிகள், கையில் அரைநாள். சிலவற்றில் மஞ்சளைச் சுரண்டாமலே மேலேயே பச்சையை வைத்துவிட்டார். எதில் சுரண்டினோம், எதில் விட்டோம் என்று நினைவில்லை. கொக்கி முறிந்த இடத்தின் முகம் முழுக்க வெறும் இரும்பாக இருந்தால் பாரம்தான் முறித்தது. உள்ளே பெயிண்ட் ஊறியிருந்தால், பொட்டு வைத்த அன்றைக்கே அங்கே கீறல் இருந்திருக்கிறது. அப்படியானால் அழகேசனைக் கொன்றது பாரம் இல்லை.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து எத்தனையோ முறை பார்த்துவிட்டார். ஒருநாள் ஏதோ தெரியும், மறுநாள் ஒன்றும் தெரியாது. கண்ணாடி கையில் ஓரிடத்தில் நிலைக்காது. தவிர, ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றிய கண் அது, அதை நம்பி என்ன ஆகப்போகிறது? அசையாத ஒரு படம் வேண்டும். நாலு பேர் பார்க்கிற மாதிரி.

மகள் தேவிப்பிரியா ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைகளைப் படம் எடுப்பாள், சொந்தமாகக் கேமரா உண்டு. சின்னச் சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுத்துப் பார்க்க ஆசையாயிருக்கிறது என்று அவளிடம் சொன்னார். ஒரு வருஷமாகப் பேய் பிடித்தவர்போல் இருந்த அப்பாவுக்கு இப்போதாவது ஓர் ஆசை வந்ததே என்று அவள் பூரித்துப்போய், அந்த ஞாயிறே லென்ஸ் வாடகைக்கு விடும் கடைக்கு அழைத்துப்போனாள்.

கடைக்காரன் பிரசன்னா மூன்று லென்ஸை வரிசையாக வைத்து விளக்கினான். அசல் மாக்ரோ என்றால், அரிசி அளவுப் பொருள் கேமராவுக்குள்ளும் அதே அரிசி அளவில் விழ வேண்டுமாம். அறுபது எம்.எம்., நூறு எம்.எம். இரண்டும் அப்படிப்பட்டவை. அறுபதில் எடுத்தால் பொருளை முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போக வேண்டும், எடுக்கிறவன் நிழலே அதன்மேல் விழும். நூறு என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம், வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். மூன்றாவது ஒரு ஜூம் லென்ஸ், பக்கவாட்டில் மாக்ரோ என்று எழுதியிருந்தது.

"மேல எழுதிட்டா மாக்ரோ ஆயிடாது சார்," என்றான் பிரசன்னா. "பாக்குற மாதிரி பாவ்லா காட்டும், அவ்ளோதான்."

கஜபதி சட்டென்று அந்த ஜூமைத்தான் எடுத்தார். இதுவே போதும் என்றார். மகள் எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. பார்க்கவும் வேண்டும், தெரியவும் கூடாது. அப்படியொரு லென்ஸ் கைக்குக் கிடைத்தால் விடுவாரா மனுஷன்?

மொட்டைமாடியில் வைத்து எடுத்த படத்தில் கொக்கியின் முறிந்த முகம் சாம்பல் நிறமாக, பாவமாகக் கிடந்தது. பச்சை இல்லை, ஒன்றும் இல்லை. மறுநாள் ஏழேகாலுக்குக் குரல் வந்தபோது கஜபதி குளியலறையில் இருந்தார். பதினோரு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுப் பதில் சொன்னார். "பாத்தாச்சுடா."

கொஞ்ச நேரம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முதுகுக்கு வெகு அருகில் வந்து அந்தக் குரல் கேட்டது. "நெசமாவாண்ணா?"

உயிரோடிருந்தபோது அழகேசன் ஒருநாளும் இரண்டாவது முறை கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு இவர்மேல் நம்பிக்கை. கஜபதி ஈரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தை அவரை விடவில்லை. ரயிலில் பக்கத்து சீட்டில் கேட்டது. சோற்றைப் பிசையும்போது கேட்டது. பட்டறையில் சங்கிலி கடகடக்கும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து கேட்டது.

அடுத்த ஞாயிறு தனியாகவே கடைக்குப் போனார். எடுக்கப்போகும் பொருள் பூச்சியா, அசையுமா என்று பிரசன்னா விசாரித்தான். அசையாது என்றார். நிழல் மட்டும் விழக்கூடாது என்றார். அப்படியென்றால் யோசிக்காமல் நூறை எடுங்கள் என்று கட்டிக் கொடுத்தான்.

மொட்டைமாடி, காலை வெயில். எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்துக் கொக்கியை வைத்தார். ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திக் கொடுத்துவிட்டு மகள் நகர்ந்துகொண்டாள். கஜபதி குனிந்து, லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். முறிந்த முகம் மெல்லத் தெளிந்துகொண்டே வந்தது. அப்போது அதன்மேல் நிழல் விழுந்தது. தோள் அகலமான, குனிந்து பார்க்கிற நிழல்.

"தள்ளி நில்லும்மா, மறைக்குது," என்றார்.

"நான் படிக்கட்டுல இருக்கேன்ப்பா," என்று அவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கஜபதி திரும்பிப் பார்க்கவில்லை. நிழல் ஒரு கணம் நின்று, தானாக விலகிக்கொண்டது. விரல் எப்படியோ பட்டனை அழுத்தியது.

தேவிப்பிரியா படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். கரடுமுரடான சாம்பல் நிலம், ஓரத்திலிருந்து உள்நோக்கி நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைக் கறை. "ஐயோ, எவ்ளோ அழகாயிருக்கு," என்றாள், அது என்னவென்று தெரியாமல். "உள்ள வரைக்கும் பச்சை போயிருக்குப்பா. இங்க பாருங்க, பச்சைக்கு அடியில மஞ்சளும் இருக்கு."

பச்சை என்றால் அந்த மூன்று மாதம். மஞ்சள் அதற்கும் முந்தைய மூன்று மாதம். கீறல் இரண்டு தடவையும் அங்கே இருந்திருக்கிறது. இரண்டு தடவையும் அதன்மேலேயே பொட்டு வைத்திருக்கிறார். அதன் பிறகும் தினம் தினம், திரும்பிக்கூடப் பார்க்காமல், பாத்தாச்சு போடா என்று அவனை அனுப்பியிருக்கிறார். கஜபதி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதுகொண்டே படத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள்.

அழகேசனின் வீடு திருநின்றவூரில், ஏரிப் பக்கம். நெமிலிச்சேரியிலிருந்து அடுத்த ஸ்டேஷன்தான். அந்த ஒரு ஸ்டேஷனைத் தாண்ட அவருக்குப் பதினோரு மாதம் ஆனது. மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் போய் நின்றார். அழகேசனின் மனைவி கன்னியம்மாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், உள்ளே பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். கஜபதி வாசலில் நின்றபடியே படத்தை நீட்டினார். பச்சை எது, மஞ்சள் எது, கீறல் எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பட்டறையிலும் அரசாங்க ஆபீஸிலும் இன்றைக்கே எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

கன்னியம்மாள் வெகுநேரம் படத்தையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தார், அடிக்கட்டும் என்றும் நினைத்தார். அவள் குரலை உயர்த்தாமலே பேசினாள்.

"நீயே இழுத்து உட்டுக்கின, எங்கள இன்னாத்துக்கு தெருவுல உட்டேன்னு அந்த மனுசன திட்டாத நாள் இல்லண்ணா. போட்டோவுக்கு ஒரு பூ வெக்கல. மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு பீரோவுக்குப் பின்னால போட்டு வெச்சிகிறேன்."

உள்ளே போய் அந்தப் போட்டோவை இழுத்து எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்து, சுவரில் வெறுமையாக இருந்த ஆணியில் மாட்டினாள்.

"எங்கிட்ட சொன்னது போதும். அவராண்ட சொல்லுங்க. கிட்டப் போய் சொல்லுங்க."

கஜபதி உள்ளே போனார். தன் நிழல் போட்டோவின் கண்ணாடிமேல் விழுகிற அளவுக்குக் கிட்டப் போய் நின்றார். அழகேசன் சிரித்துக்கொண்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தில் ஏழேகால் ஆனது. தோளுக்குப் பின்னால் குரல் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருப்பதாகத் தோன்றியது.

"நான் பாக்கலடா அழகேசா," என்றார். "ரெண்டு தடவையும் பாக்கல."

சொன்னது அவர் காதுக்கே சரியாக விழவில்லை. பின்னாலிருந்து கன்னியம்மாளின் குரல் வந்தது.

"சத்தமா சொல்லுங்கண்ணா. உள்ள புள்ளைங்க காதுலயும் உழணும்."

உள் அறையில் சீப்பின் சத்தம் நின்றது. கஜபதி மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.