பக்கத்து இருக்கையில் ஒரு கோட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. பக்கத்து வண்டியை ஒரு பெண் ஓட்டி வந்தாள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பழுப்புக் கோட்டு, அதற்கு மேல் ஒரு தொப்பி. தனியாகப் போவது வெளியில் தெரியக் கூடாது என்று ஆள் மாதிரி மாட்டி வைத்திருந்தாள். அது புத்திசாலித்தனம்தான். ஆனால் அவள் அந்தக் கோட்டிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வெளியில் சொன்னால் மானம் போகும் என்பதால், அந்த எரிச்சலை ஒரு கணவன் தலையில் கட்டிவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பயம் என்பது மனிதனின் ஆதி உணர்ச்சிகளில்… வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

அடுத்து: அவர் ஒரு சந்தேகப் பிராணி. இதுவும் சரியில்லை. எடுத்த எடுப்பில் தீர்ப்பைச் சொல்லிவிட்டால் பிறகு கதை எதற்கு?

சரி, வேலையிலிருந்து தொடங்குகிறேன். அவர் வண்டிகளுக்குக் கண்ணாடி மாற்றுபவர். உடைந்து வரும் ஒவ்வொரு கண்ணாடியோடும் ஒரு கதை வரும். இருக்கையில் வைத்த கைப்பைக்காக உடைத்தது, சிக்னலில் நின்றபோது உடைத்தது. அந்தக் கதைகளையெல்லாம் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவிக்குச் சட்டமாக்கினார். பின் இருக்கையைப் பார்த்துவிட்டு ஏறு. ஏறியதும் கதவைப் பூட்டு. முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிறுத்தாதே, ஒடித்துத் திருப்ப இடம் வேண்டும்.

இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. அப்புறம் தினமும் ஒரே வழியில் வராதே என்றார். ஒரே நேரத்தில் கிளம்பாதே என்றார். யார் தட்டினாலும், உன் அண்ணனே தட்டினாலும், கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு மேல் இறக்காதே என்றார். அண்ணன் ஒரு நாள் உண்மையிலேயே தட்டினார். அந்த விரல் இடைவெளிக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.*

* ஜாக்கிரதை எங்கே முடிந்து கிறுக்கு எங்கே தொடங்குகிறது? பூட்டிய கதவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது ஜாக்கிரதை. பாதி வழி போனபின் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது? நானும் திரும்பி வந்திருக்கிறேன், ஆகவே இந்தக் குறிப்பை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

3

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சொன்னதையெல்லாம் தட்டாமல் செய்தாள். கடைசியாக அவர் போட்ட சட்டம், தனியாகப் போவது தெரியக் கூடாது என்பது. மறுநாள் அவள் வண்டியில் ஒரு கோட்டு உட்கார்ந்திருந்தது.

யாருடையது என்று கேட்டார். கூடத்தில் பல் அச்சு வார்க்கும் நெட்டை ஆளுடையது, பழசு என்று கொடுத்தார் என்றாள்.

"ஏன், என் சட்டைய மாட்டக் கூடாதா?"

"மாட்டிப் பாத்தேங்க. வெளியிலேர்ந்து பாத்தா ஆளே தெரியல."

அவள் உள்ளதைத்தான் சொன்னாள். அவர் சற்றுக் குள்ளம். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ஒரு வழி, இன்று ஒரு வழி. நேற்று ஒரு நேரம், இன்று ஒரு நேரம். எல்லாம் அவரே சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் களவாகப் பழகுகிறவளும் இப்படித்தானே வந்து போவாள்? பூட்டிய கதவுக்குள் தினமும் அந்தக் கோட்டு அவள் பக்கத்தில் வருகிறது, அவர் கடையில் கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். அதை அவரால் தாங்கவே முடியவில்லை.

4

[இங்கே நெட்டையன் அவளை ஓரக்கண்ணால் பார்த்து…]

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நெட்டையனை எனக்குச் சரியாகத் தெரியாது. முதல் பிரதியில் அவனுக்குச் சுருட்டை முடி கொடுத்தேன். எழுத எழுத எனக்கே பொறுக்காமல் வழுக்கையாக்கினேன். அவன் மனதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கோட்டைக் கொடுத்தான், அவ்வளவுதான் நான் பார்த்தது.

5

ஒரு மாலை அவர், கறுப்புக் கண்ணாடி மாட்டி முடித்துக் கடையில் நின்றிருந்த ஒரு வேனை எடுத்துக்கொண்டு, அவள் வேலை செய்யும் இடத்துக்கு வெளியே காத்திருந்தார். அவள் கிளம்பியதும் பின்தொடர்ந்தார்.

கொஞ்ச தூரத்திலேயே அவள் கண்டுகொண்டாள். இடது பக்கம் திரும்பினாள். மறுபடி இடது, மறுபடி இடது, மறுபடியும் இடது. சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தபின்னும் பின்னால் நிற்கும் வண்டி உன்னைத்தான் தொடர்கிறது என்பதும் அவர் சொல்லிக் கொடுத்த பாடம். என் பொண்டாட்டி கெட்டிக்காரி என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் நெட்டையனைத் தேடிப் போகவில்லை. வீட்டுக்கும் போகவில்லை, ஆள் தொடரும்போது வீட்டைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. வெளிச்சமும் ஆட்களும் உள்ள ஒரு பெட்ரோல் பங்கில் நுழைந்து நிறுத்தினாள். வேன் எதிரே வந்து நின்றது.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. உதடு அசைந்தது, கோட்டிடம் ஏதோ சொல்கிறாள். எதற்காக இத்தனை நாள் சட்டம் போட்டாரோ, அந்த ஆள் கடைசியில் வந்தேவிட்டான், அவர் உருவத்திலேயே.

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

6

எந்த ஆபத்தானாலும் முதலில் எனக்குப் போன் செய் என்பதுதான் அவர் போட்ட முதல் சட்டம்.

(அ) அவர் போன் ஒலிக்கிறது. எடுத்து என்ன சொல்வார்? பயப்படாதே, நான்தான் என்றா?

(ஆ) ஒலிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு நெட்டையான ஆள் ஓடி வருகிறான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

(இ) அவர் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டுகிறார். அவள் ஒரு விரல் அளவு இறக்குகிறாள். அதற்குமேல்…

மூன்றையும் அடித்துவிட்டேன். இப்போது அவர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒலித்தால் மாட்டிக்கொள்வார், வாழ்நாள் முழுக்கத் தலைகுனிவு. தெரிந்தும், ஒலிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறார்.

எனக்கு அந்தக் கோட்டின் மேல் இன்னும் கோபம் போகவில்லை, ஆகவே முடிவு என் கையில் இருப்பது நியாயமில்லை. யாருடைய போன் ஒலித்தது என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அவள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள்.