பாறைக்கு எட்டும் ரைபிள்

1

இந்தக் கதை நானாக யோசித்தது அல்ல. கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடையில், மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை ஒட்டுக் கேட்டேன்.

"எங்க அப்புச்சி ரைபிள் வாங்குனாரு. தோட்டாவப் பூராத்தையும் வானத்துக்குச் சுட்டே தீத்தாரு."

இருவரும் சிரித்தார்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். மீதியை நான்தான் இட்டு நிரப்ப வேண்டியதாயிற்று. கீழே வருகிறவர்கள் நான் உண்டாக்கிய ஆட்கள். பஸ் ஏறியவரின் தாத்தாவான அந்த அப்புச்சிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சேர்வராயன் மலைமேல் மேகங்கள் திரண்டபோது சென்னியப்பன்"

அங்கேயே நிறுத்தினேன். விவசாயி மேகத்தைப் பார்ப்பான் என்பது சரிதான். ஆனால் அந்த வருஷம் சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பாறையை.

2

1939, சித்திரை. சென்னியப்பனுக்கு மலையடிவாரத்தில் ஒரு கிணறும், அது நனைக்கிற அளவுக்குப் பூமியும் இருந்தன. வாழை போட்டிருந்தான். தண்ணீர் இறைக்கக் கவலை என்கிற தோல்பறி ஏற்றம், அதை இழுக்க இரண்டு எருதுகள். மாசியில் ஒன்றைச் சிறுத்தை அடித்துவிட்டது. மிஞ்சியதோடு, மனைவி பாவாயியின் அண்ணன் அப்புசாமி இரவல் கொடுத்த கிழட்டு எருதைப் பூட்டி இறைத்தான். இன்னொன்றும் போனால் தண்ணீர் நிற்கும், வாழை காயும், பூமி கைமாறும். கதையில் பணயம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சிறுத்தை ஒளியவில்லை. வெயில் தாழ்ந்ததும் ஓடைக்கு அக்கரையில் இருந்த பாறைமேல் வந்து படுக்கும். சென்னியப்பன் வீட்டில் இருந்த, வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி பாதித் தூரம்கூட எட்டாது. அவன் ஓடைக்குள் இறங்கினால் சிறுத்தை எழுந்து போகும். கரையேறித் திரும்பினால் மறுபடி வந்து படுக்கும். (அது அவனைக் கேலி செய்தது என்று எழுதியிருந்தேன். அதன் மனசில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.)

ஆகவே ரைபிள். லைசென்ஸுக்கு அலைந்த கதையை எழுதவில்லை. அலைந்தவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குச் சலிக்கும்.

3

சேலம் டவுனில் துப்பாக்கிக் கடை. மேஜைமேல் இரண்டு ரைபிள்கள்.* இரண்டிலும் போல்ட் என்கிற பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா ஏறும்.

ஒன்று இங்கிலீஷ்காரன் செய்தது, புதியது. மற்றது ஜெர்மன். ஏற்காட்டுத் தோட்டத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுத் தரச் சொல்லி விட்டுப்போனது. கட்டையில் கீறல், குழல் உள்ளே சுத்தம். விலை புதியதில் பாதி. ஒரு பெட்டித் தோட்டா இனாம்.

"எது அந்தப் பாறைக்கு எட்டுமுங்க?" என்றான் சென்னியப்பன்.

"ரெண்டும் எட்டும், கவுண்டரே. ஜெர்மன் இன்னும் கொஞ்சம் கூடவே எட்டும்," என்றார் கடைக்காரர். "ஆனா இங்கிலீஷ் ரைபிளுக்குத் தோட்டா எப்பவும் நம்மகிட்ட இருக்கும். இதுக்கு மெட்ராஸுக்கு எழுதணும். அவங்க கடலுக்கு அந்தப்பக்கம் எழுதணும்."

"எழுதுனா வருமில்லீங்க?"

"இதுவரைக்கும் வந்துக்கிட்டுதான் இருக்கு."

கூட வந்த அப்புசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங் மாப்ள, ஒரு சிறுத்தைக்கு எத்தன தோட்டா வேணும்? பொட்டி நெறையக் கெடக்குது. மிச்சத்த ஊறுகாயா போடப் போறீங்க?"

சென்னியப்பன் மடியில் இருந்தது புதிய ரைபிளில் பாதிக்குத்தான் காணும். அதாவது, பழைய ரைபிளுக்கு முழுசாகக் காணும். அவனுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

கடைக்காரர் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது சொன்னார்: "வரப்புல பானை வெச்சு அஞ்சாறு சுட்டுப் பாருங்க. கை மாறுன ரைபிள் கொஞ்சம் ஒரு பக்கமா கோணும். எந்தப் பக்கம்னு தெரியாம மிருகத்து மேல சுடாதீங்க."

"ஆகட்டுங்க."

* பட்டாளத் தோட்டா போடுகிற ரைபிளை ஊர்க்காரர்களுக்கு விற்கக் கூடாது என்று அன்று விதி இருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது; அந்தத் தோட்டா எங்கும் கிடைத்திருக்கும்.

4

பாவாயி எனக்குத் தொல்லை கொடுத்தாள். முதல் பிரதியில் அவள் ரைபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோட்டா தீந்து போச்சுன்னா?" என்று கேட்டாள். வாசகர்களுக்கு அவளைப் பிடித்திருக்கும். எனக்கே பிடித்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. அவள் தோட்டாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் துப்பாக்கி வேட்டைக்கு வெளியே வந்ததைவிட விசேஷத்துக்கு வந்ததுதான் அதிகம். குண்டு போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து வேட்டுப் போடுவார்கள். மாரியம்மன் பண்டிகை, கல்யாணம், காது குத்து, தாய்மாமன் சீர் எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் மரியாதை.

எனவே அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். அவள் உண்மையில் சொன்னது:

"ஏனுங்க, துப்பாக்கி ஊடு வந்து சேந்தா மொத வேட்டு ஆத்தாளுக்குன்னு நேந்திருக்கறேன்."

"மொதல்ல பானைய வெச்சுப் பாக்கோணும் புள்ள."

"பானைக்கா? சாமிக்கு முன்னால பானைக்கா?"

 

5

கோயில் முன்னால் சுட்டான். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. நாட்டுத் துப்பாக்கி இருமும், இது அறைந்தது. மறுநாள் முதல் சிறுத்தை பாறைக்கு வரவில்லை.

"சத்தத்துக்கே ஓடிப்போச்சு," என்றது ஊர். சத்தத்தால்தான் போனதா என்று யாருக்கும் தெரியாது.

பிறகு ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். பங்காளி வீட்டுக் காது குத்துக்கு ஒன்று, பக்கத்து ஊர்ப் பண்டிகைக்கு இரண்டு. ரைபிளில் மருந்து மட்டும் போட முடியாது, முழுத் தோட்டாவும் போகும். சென்னியப்பனுக்கு இது தெரியும். இல்லை என்று சொல்லத்தான் தெரியவில்லை. ஒரு வீட்டுக்குப் போட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்கு மறுப்பது எப்படி?

பானையை வைக்கவே இல்லை. நிறைய இருந்தபோது, நாளைக்கு வைக்கலாம். குறைந்தபோது, பானைக்குப் போய்

(வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை.)

ஆவணியில் யுத்தம் வந்தது. டவுனுக்குப் போனான். கடைக்காரர் அவன் கேட்பதற்கு முன்பே கையை விரித்தார். "ஜெர்மன் சரக்கா? இனி அதை வாயால சொல்லாதீங்க, கவுண்டரே."

கார்த்திகையில் சிறுத்தை திரும்பி வந்தது. சத்தம் போதும் என்று நம்பி, களத்தில் நின்று வானத்துக்கு ஒன்று சுட்டான். பாறைமேல் கிடந்த சிறுத்தை தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு மறுபடி படுத்துக்கொண்டது.

6

இப்போது தை. பெட்டியில் ஒரே ஒரு தோட்டா. அப்புசாமி மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலையோடு வந்தான்.

"மாப்ள, வியாழக்கெழம நம்ம புள்ள கண்ணாலம். தாலி ஏறுனதும் ஒரு வேட்டுப் போட்டுருங்க."

"மச்சான், ஒண்ணேதான் இருக்குது."

"ஒண்ணு போதுமுங்க. ரெண்டா கேட்டேன்?"

"சிறுத்தை வந்திருக்குது, மச்சான்."

"ஊரான் ஊட்டுக் காது குத்துக்கெல்லாம் போட்டீங்க." அப்புசாமி கிணற்றுப் பக்கம் திரும்பினான். "அங்க இழுக்கறது ஆரு எருதுங்க? நான் ஒரு நா கேட்டிருப்பனா?"

 இந்த இடத்தில் பாவாயிக்கு ஒரு நல்ல வசனம் எழுத முயன்று தோற்றேன். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் கிணறு. பேச என்ன இருக்கிறது?

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவன் சுடுகிறான், சிறுத்தை விழுகிறது. பாதி விலை ரைபிளுக்கு இது அதிகம்.

அவன் சுடுகிறான், தவறுகிறது. கல்யாணத்துக்கு வேட்டு இல்லை. அப்புசாமி எருதை அவிழ்த்துப் போகிறான், சிறுத்தை மற்றதை எடுத்துக்கொள்கிறது. இதை யதார்த்தம் என்பார்கள். எனக்கு இது சோம்பல்.

அவன் சுடவில்லை. வியாழக்கிழமை தோட்டா வானத்துக்குப் போகிறது. டீக்கடையில் கேட்டதை நம்பினால் இதுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் சொன்னவருக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

எழுதியவரை இருப்பது இது: செவ்வாய்க்கிழமை, வெயில் தாழ்கிற நேரம். சிறுத்தை பாறைமேல் இருக்கிறது. கவலையில் இரண்டு எருதுகளும் நிற்கின்றன. சென்னியப்பன் வரப்பில் குப்புறப் படுத்து, கடைசித் தோட்டாவைப் போட்டு, போல்ட்டைத் தள்ளி மடக்கிவிட்டான்.

ரைபிள் எந்தப் பக்கம் கோணும் என்று கடைக்காரருக்குத் தெரியாது, சென்னியப்பனுக்கும் தெரியாது. துரைக்குத் தெரிந்திருக்கும், அவர் கப்பலேறிவிட்டார். நான்தான் எழுதுகிறேன் என்றாலும் எனக்கும் தெரியாது. யாரும் பானை வைக்கவில்லை.

சுட வேண்டாம் என்றால் சொல்லுங்கள், எழுந்து வீட்டுக்குப் போகட்டும். சுடச் சொன்னால் அதோடு நிற்காதீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளிக் குறி வைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்.