எதிர் நாற்காலி

ஆறாயிரம் தொழிலாளிகளின் மனத்தையும் கவனிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது 1970இல். ஆவடித் தொழிற்சாலை நிர்வாகம் தாராளமாகவே ஒதுக்கியது. கேன்டீனை ஒட்டி ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மனநல ஆலோசகர் என்ற பட்டத்தோடு ஓர் உத்தமன்.

நான்கு வருஷமாகக் குடிகாரர் கதைகளையும் மாமியார் சண்டைகளையும் கேட்டுக் கேட்டு உத்தமனுக்குக் காது மரத்துவிட்டது. முத்தாபுதுப்பேட்டை வீட்டில் மனைவி வாயைத் திறந்தாலே, "அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்கிறார். போன வாரம் ஒரு வெல்டர், பிள்ளை செத்துப்போனதைச் சொல்லி அழுதபோது உத்தமன் கொட்டாவி விட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தன்னைக் கண்டாலே பயம். ஒரு மாதம் லீவு கிடைக்காவிட்டால் தான் வீட்டுக்கும் உதவமாட்டோம், வேலைக்கும் உதவமாட்டோம் என்று தெரிந்துபோயிற்று.

விண்ணப்பம் போட்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மனச்சோர்வு லீவு கேட்பவரை மனநல ஆலோசகர் நேரில் விசாரித்துச் சிபாரிசு செய்ய வேண்டும். அது உத்தமனே எழுதிக் கொடுத்த விதி. யார் யாரை விசாரித்தாலும் ஆட்சேபணை இல்லை, ஆனால் விசாரணை நடந்தாக வேண்டும் என்றார் ஹெட்கிளார்க் நாகேந்திரன், பெருந்தன்மையோடு.

உத்தமன் நேர்மையானவர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். எழுந்து சுற்றி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லை என்றார். திரும்பப் போய் அதை எழுதிக்கொண்டார். எதிர் நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது. நான்கு வருஷமாக ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஐந்தாம் கேள்விக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

வாசலில் துடைப்பத்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் அங்கம்மா. புருஷன் செத்தபின் எட்டு மாதம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தவள். 'பைத்திய ரூம்' என்று மற்றவர்கள் பெருக்க மறுத்ததால் இந்த அறை அவளுக்கு வந்தது. அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஆலோசகர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க அங்கியே குந்துங்க சார். இன்னா ஆச்சு, சொல்லுங்க."

படிவத்தில் இல்லாத கேள்வி அது. உத்தமன் அந்தக் கொட்டாவியைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

உத்தமன் எல்லாரிடமும் சொல்வதுபோல் மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை அங்கம்மா. "எனுக்கும் அப்டித்தான் ஆச்சு சார். பெத்த புள்ள பசில அழுதுகினு கீது, எனுக்கு கொட்டாவிதான் வந்துச்சு. கல்லு மனசு இல்ல சார் அது. அசந்து போன மனசு."

நாலு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. இதெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்டார். உள்ளே வருமுன் எல்லாரும் வெளி பெஞ்சில் தன்னிடம் சொல்லுவார்கள் என்றாள். பாதிப் பேர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்களாம். கூட்டம் பாதியாகக் குறைந்ததைத் தன் சாதனை என்று உத்தமன் மூன்று வருஷமாக அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதைப் பற்றி லீவில் வெட்கப்பட்டுக்கொள்ளலாம் என்று சிபாரிசில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லி எழுந்தார். அங்கம்மா எழுந்திருக்கவில்லை.

"நீங்க லீவுல பூட்டீங்கன்னா அத்தினி பேரும் என்னாண்டதான் வருவாங்க. நானும் நாலு வருசமா கேட்டுகினுதான் கீறேன். என்னிய யாரு சார் கேக்கறது?"

உத்தமன் மறுபடி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க அங்கம்மா" என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். வெகுநேரம் சொன்னாள். அவருக்குக் கொட்டாவி வரவில்லை. முடிந்ததும் அவளுக்கும் ஒரு மாதம் எழுதலாம் என்று புதுப் படிவத்தை எடுத்தார். கடைசி வரியில், துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இந்த லீவு பொருந்தாது என்று அச்சாகியிருந்தது.

அதையும் அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.